கப்பல் நின்ற ஒரு பகல்



சென்ற திங்கள் இப்பகுதியில், முன்பதிவு செய்த பயணச்சீட்டைக் குடும்பத்தில் மற்றொருவர் பெயருக்கு மாற்றும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஜீவன்பீமாநகர் அன்பர் ஒருவர், "எந்நாளும் இருப்புப்பாதையைப் பற்றியே எழுதுகிறீரே, இறங்கியபின் என்ன செய்வது என்பதை என்றைக்கு எழுதுவீர்?" என்று சங்க நூலக வாயிலில் என்னை நிறுத்திக் கேட்டார். அவர் தம் மனைவியாருடன் வரும் மாசியில் கப்பற் பயணம் செல்லவிருக்கிறார். கப்பல் ஒரு துறைமுகத்துக்குக் காலையில் வந்து மாலையில் புறப்படும். அந்த இடைப்பொழுதில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, தாமே ஓட்டிச் சென்று ஊர் பார்த்துத் திரும்பலாமா என்பது அவர் வினா.

கடலே இல்லாத பெங்களூரில், ரயில்வேயில் பேரேடு எழுதிப் பிழைக்கும் ஒருவனிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று நீங்கள் நகைக்கலாம். ஆயினும் சென்ற மார்கழியில் அப்படி ஒரு பகலை நானும் கழித்திருக்கிறேன். கப்பலில் வந்தவன் நான் அல்லன். என் தமக்கையார் மகன். அவன் உல்லாசப் பயணிகளுள் ஒருவனும் அல்லன். அவர்களுக்குச் சமைத்துப்போடும் அடுக்களையில் உதவிச் சமையற்காரன்.

நம் பாட்டனார் காலத்தில் கப்பல் என்றால் பிரிவு என்றே பொருள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ரஜூலா கப்பலைப் பற்றி நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்றும் பேச்சு உண்டு. இன்று கப்பல் என்றால் உல்லாசம் என்று பொருளாகிவிட்டது. எனினும் கீழ்த்தட்டில் அடுப்பருகே நிற்பவனுக்கு அச்சொல்லின் பழைய பொருள் மாறவில்லை.

சென்ற ஆடியில் அத்தான் காலமானபோது அவன் கப்பல் நடுக்கடலில் இருந்தது. அடுத்த துறைமுகத்தில் இறங்கி விமானம் பிடித்து வருவதற்குள் காரியம் முடிந்துவிடும் என்று தெரிந்ததும், "இனி வந்து என்ன பயன்? ஒப்பந்தத்தை முடித்துவிட்டே வா, தம்பி படிப்புக்குப் பணம் வேண்டும்" என்று தமக்கையாரே தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டு மூன்று நாள் ஒருவரோடும் பேசவில்லை. கொள்ளி வைத்தவன் இளையவன். அதன்பின் தாயும் மூத்த மகனும் நேரில் சந்திக்கவில்லை. அந்நிலையில், கப்பல் மார்கழியில் ஒருநாள் புதிய மங்களூர்த் துறைமுகத்தில் நிற்கும் என்றும், காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை தனக்கு வெளியே செல்ல இசைவு கிடைத்திருக்கிறது என்றும் அவன் செய்தி அனுப்பினான்.

ஐந்தரை மணி நேரம். இரவு ரயிலில் மங்களூர் செல்வது எளிது; அது என் தொழில். அங்கே எவ்வாறு சுற்றுவது என்பதில்தான் பேச்சு எழுந்தது. ஓட்டுநரோடு கூடிய டாக்சியே தக்கது என்றேன் நான். எனக்கு உரிமம் உண்டே ஒழியச் சொந்தக் கார் இல்லை. அலுவலக நண்பர் ஒருவர் வண்டியில் பழகிய கை. தமக்கையார் இசையவில்லை. "வேற்றாள் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருக்க நான் என் பிள்ளையிடம் என்ன பேசுவேன்?" என்றார். அதற்குமேல் நான் வாதிடவில்லை.

இரவு ரயிலில் செல்வோர்க்கு ஒரு குறை உண்டு. சக்லேஷ்பூருக்கும் சுப்பிரமணியா ரோடுக்கும் இடையே 55 கிலோமீட்டர் தொலைவுக்கு மலையைக் குடைந்து பாதை இறங்குகிறது. 57 சுரங்கங்கள், 50 அடிக்கு ஓர் அடி என்னும் சரிவு. மீட்டர் பாதையாக 1979இல் முடிந்து, பின் அகலப் பாதையாக்குவதற்கென 1996இல் மூடப்பட்டு, 2007 திசம்பரில்தான் மீண்டும் பயணிகள் வண்டி ஓடியது. அவ்வழகெல்லாம் இருளில் போய்விடுகிறது. தமக்கையார் அன்றிரவு உறங்கவே இல்லை. மடியில் டிபன் கேரியரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுரங்கத்திலும் ஓசை மாறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

துறைமுகம் மங்களூர் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில், பணம்பூரில் உள்ளது. நேத்திராவதியும் குருபுர ஆறும் கடலோடு கலக்குமிடத்தில் இருந்த பழைய துறைக்கு மணல்திட்டு தீராத தொல்லை. பெருங்கப்பல்கள் அணுக இயலா. ஆதலின் பணம்பூரில் கரையைக் குடைந்து செயற்கையாக ஒரு துறைமுகம் அமைத்தார்கள். 1974 மே திங்களில் அது நாட்டின் ஒன்பதாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 1975 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின், கார்த்திகை தொடங்கிச் சித்திரை வரையில் உல்லாசக் கப்பல்கள் இங்கு வந்துபோகின்றன. 1956 நவம்பர் வரையில் இப்பகுதி நம் சென்னை மாநிலத்துத் தென் கன்னட மாவட்டமாக இருந்தது என்பதை முதியோர் மறந்திரார்.

துறைமுகத்துக்கு உள்ளே வாடகைக் கார்க் கடை ஏதும் இருக்கும் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. பாதுகாப்புப் படையினர் காவல் காக்கும் வாயிலுக்கு உட்பட்டது அவ்விடம். வாடகைக் காரை நகரிலோ ரயில் நிலையத்தருகிலோ பஜ்பே விமான நிலையத்திலோதான் பெறுதல் வேண்டும். அல்லது வாயிலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் வேண்டும். கப்பலில் வருவோர் இதற்கே அரை மணி, முக்கால் மணி ஒதுக்கிக்கொள்வது நலம்.

நான் அறிந்தவர் ஒருவர் வழியாக ஒரு வண்டிக்குச் சொல்லிவைத்திருந்தேன். நாளொன்றுக்கு 1,400 ரூபாய், மலிவுதான். காலை 8.30க்கு நிலையத்து வாயிலில் வண்டி வந்து நின்றது. புதிய வண்டி, தூய வண்டி. ஆனால் எண் பலகை வெள்ளை.

இங்குச் சற்று நின்று விளக்கவேண்டும். இப்பகுதியில் நான் எழுத முற்பட்டதே இதற்காகத்தான். நம் நாட்டில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கு வைத்துள்ள வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தாயின் ஓட்டுநரோடு வாடகைக்கு வருவது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தாயின், நாமே ஓட்டிச் செல்வதற்கென வாடகைக்கு விடும் உரிமம் பெற்றது. இம்மூன்றாம் வகைக்கென 1989இல் மைய அரசு ஒரு திட்டம் வகுத்தது. அதன்படி உரிமம் பெறும் நிறுவனம் 50 வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருத்தல் வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விடுவது சட்டத்துக்குப் புறம்பு. வழியில் பிடிபட்டால் தண்டம் உண்டு, அது சிறிது. எங்கேனும் ஒருவர்மீது மோதிவிட்டால், சொந்த உபயோகத்துக்கென எடுத்த காப்பீடு வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட இடமிருக்கிறது. அதுதான் பெரிது. ஒரு குமாஸ்தாவின் ஆயுட்காலச் சேமிப்பு ஒரு நொடியில் போய்விடும்.

வண்டி வேண்டா என்றேன். கொண்டுவந்த இளைஞர் சிரித்தார். "யார் சார் கேட்கப்போகிறார்கள்? உறவினர் வண்டி என்று சொல்லுங்கள்" என்றார். தமக்கையார் சிரிக்கவில்லை. "தம்பி, பிள்ளை வெயிலில் வந்து நிற்பான். பலகை எந்த நிறமாயிருந்தால் உனக்கு என்ன?" என்றார். கைம்பெண்ணாகி ஐந்து திங்கள் ஆன தமக்கை, அதுவரை என்னிடம் குரல் உயர்த்தாதவர், நிலையத்து வாயிலில் பலர் பார்க்க அவ்வாறு கேட்டார். நான் தலை குனிந்து நின்றேனே ஒழிய வண்டியில் ஏறவில்லை. பொய் சொல்லக்கூடாது என்னும் பெருங்கொள்கையால் அன்று, அச்சத்தால்தான் ஏறவில்லை. இதை ஒளிப்பதற்கில்லை.

வேறு இரண்டு நிறுவனங்களைத் தேடி, ஒன்றில் கறுப்புப் பலகை வண்டி ஒன்றைப் பெற்றபோது மணி 10.15. வாடகை 2,200 ரூபாய், முன்பணம் 5,000. வண்டியை எடுக்குமுன் நாற்புறமும், சக்கரங்களையும், ஓடிய தொலைவு காட்டும் எண்ணையும், பெட்ரோல் முள்ளையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டேன். சரக்குக் கொட்டகையில் "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையொப்பமிடுமுன் மூட்டையைச் சுற்றிவந்து பார்க்கும் பழக்கம் அது. தமக்கையார் அதையும் பொறுமையின்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்பர்கள் இதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. வண்டியைத் திருப்பியபோது, பின்கதவில் புதிதாக ஒரு கீறல் இருப்பதாகச் சொல்லி 1,500 ரூபாயைப் பிடித்துவைத்தார்கள். காலையில் எடுத்த படத்தில் அக்கீறல் இருந்தது. பதினோராம் நாள் பணம் முழுவதும் திரும்பி வந்தது.

பணம்பூர் வாயிலை அடைந்தபோது மணி 11. மருமகன் ஒரு மரநிழலில், கப்பற் சீருடை களைந்து வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தான். மெலிந்திருந்தான். தாயும் மகனும் என்ன பேசினார்கள் என்பதை நான் கேட்கவில்லை. கண்ணாடியை இறக்கிவைத்துவிட்டுச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காருக்குள் ஏறியபின் அவன் சொன்ன முதற்சொல் மட்டும் என் காதில் விழுந்தது: "அப்பா சட்டையை எடுத்துவந்தீர்களா, அம்மா?" எடுத்து வந்திருந்தார்.

கார்க்களா செல்வது என்பது எங்கள் திட்டம். அங்குள்ள கோமதேசுவரர் சிலை 42 அடி உயரம். 1432இல் வீரபாண்டிய பைரரசர் என்னும் மன்னர் எடுப்பித்தது. கன்னட நாட்டு மேலைக் கரையில் பாண்டியன் என்று பெயர்கொண்ட ஒரு சமண மன்னர் இருந்தார் என்பதை அறிந்த நாள் முதல் அதைக் காண எனக்கு ஆவல். அத்தான் மறைந்த ஆண்டு முடியுமுன் மலைமேல் கோயில் ஏறுவதில்லை என்பது எங்கள் குல வழக்கம். ஆகவே கீழிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று எண்ணியிருந்தோம். கையிலிருந்த ஐந்தரை மணி நேரத்தில் ஒரு மணியை எண் பலகை தின்றுவிட்டதால், இடைவழியில் உள்ள மூடபித்ரியோடு நிறுத்திக்கொள்வது என்று குளூரைத் தாண்டும்போதே முடிவு செய்தேன். நகரிலிருந்து அது 35 கிலோமீட்டர்.

குருபுரம் வருவதற்குள் மருமகன் உறங்கிவிட்டான். தாயின் மடியில் தலை. கால்கள் மடக்கிக் கதவில் முட்டின. கடற்பணியாளர்க்கென 2006இல் ஓர் அனைத்துலக உடன்படிக்கை ஏற்பட்டது; நம் நாடும் 2015இல் அதை ஏற்றது. எந்த 24 மணி நேரத்திலும் 10 மணிக்குக் குறையாத ஓய்வு, 7 நாளில் 77 மணிக்குக் குறையாத ஓய்வு அளித்தல் வேண்டும் என்பது அதன் விதி. விதியின்படியே ஓய்வு கிடைக்கிறது என்றுதான் அவனும் சொன்னான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் கப்பலில் இல்லை. எட்டுத் திங்களாக ஒருநாள்கூட முழுதாக விடாமல் நின்ற கால்கள் அவை. அன்று விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து பயணிகளின் சிற்றுண்டி வேலையை முடித்துவிட்டு வந்திருந்தான்.

மூடபித்ரியில் வண்டியை நிறுத்தியதும் எழுப்பக் கை நீட்டினேன். தமக்கையார் என் கையைத் தட்டிவிட்டார். வண்டியை ஒரு மரத்தடிக்கு நகர்த்தி, குளிர்காற்றுப் பொறியை அணைக்காமல் விட்டு, நான் மட்டும் இறங்கினேன். ஆயிரங்கால் பசதி என்று வழங்கும் சமணக் கோயில் அங்கு உள்ளது, 1430இல் எழுந்தது. சரிந்த கூரைகளை அடுக்கியதுபோல் மேற்பாகம் நேபாளத்துக் கோயில்களை நினைவூட்டுகிறது. கல்தூண்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பார்கள். நான் பார்த்த பத்துப் பன்னிரண்டும் வெவ்வேறாகவே இருந்தன. தவளம், சயதவளம் முதலான பழஞ்சமண நூல்களின் ஓலைச்சுவடிகளைப் பல நூற்றாண்டுகள் காத்து வைத்தது இவ்வூர்தான். சிந்தாமணியைப் பெற்ற நாம் இவ்வூரை அறியாதிருப்பது குறையே. அதைப் பற்றித் தனியே எழுத இடமிருக்கிறது. அன்று என் மனம் தூண்களில் நிற்கவில்லை. கால் மணிக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

1.15க்கு அவனாகவே விழித்தான். "ஏன் எழுப்பவில்லை?" என்று தாயைக் கடிந்துகொண்டான். பின்னர் அம்மரத்தடியிலேயே புளியோதரையும் தயிர்ச்சோறும் உண்டோம். நாள்தோறும் ஆயிரம் பேருக்கு உணவு சமைக்கும் இடத்தில் வேலை செய்பவன், வற்றல் குழம்பைக் கையால் வழித்து உண்டான். தந்தையின் கடைசி நாட்களைப் பற்றி அப்போதுதான் கேட்டான். தமக்கையார் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் வண்டியின் மறுபுறம் போய் நின்றுகொண்டேன்.

1.50க்குப் புறப்பட்டோம். இங்கே அன்பர்களுக்கு என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கரையில் கிடைக்கும் நேரத்தை மூன்றாக வகுத்து, போவதற்கு எடுக்கும் நேரம் ஒரு பங்கைத் தாண்டினால் அவ்விடத்தை விட்டுவிடுங்கள். வரும்போது போனதைப்போல் ஒன்றரை மடங்கு ஆகும் என்று கொள்ளுங்கள். பஜ்பே வழியாகக் காவூர் வரையில் தடையின்றி வந்த நாங்கள், குளூர் ஆற்றுப்பாலத்தருகே லாரிகளின் வரிசையில் சிக்கினோம். 25 நிமிடம் ஊர்ந்தோம். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலணிக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். இறங்கி ஓடினால் எத்தனை நேரமாகும் என்று அவன் கணக்கிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. நேரம் தவறினால் பணியாளனுக்கு வெறும் கடிந்துரையோடு போகாது. காலையில் வெள்ளைப் பலகை வண்டியை ஏற்றிருந்தால் இந்த ஒரு மணி நேரம் கையில் இருந்திருக்குமே என்று தமக்கையார் அப்போது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வாயிலை அடைந்தபோது மணி 3.15.

ஜீவன்பீமாநகர் அன்பருக்கு இன்னும் சில சொற்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சென்று தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தாமே சென்றவர்க்காகக் காத்திராது. மங்களூரில் தவறவிட்டு அடுத்த துறை கொச்சியாயிருந்தால் ரயில் ஏறிப் பிடித்துவிடலாம், வேண்டுமானால் என்னிடம் வாருங்கள். அடுத்த துறை கொழும்பு ஆயின் நானும் ஒன்றும் செய்வதற்கில்லை. கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் எல்லா நாளும் ஒன்றாயிரா. கப்பல் நேரத்தையே கையில் கட்டிக்கொள்ளுங்கள். இந்தியக் கரையில் நம் உரிமமே போதும். அயல்நாட்டுக் கரை என்றால் புறப்படுமுன் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும். அது ஓராண்டு செல்லும். இலங்கையில் அதனோடு அந்நாட்டார் தரும் இசைவுச் சீட்டும் வேண்டும். கப்பல் நிற்கும் ஒரு பகலில் அதைத் தேடி அலைவதைவிட ஓட்டுநரோடு வண்டி எடுப்பதே மேல். பினாங்கு, சிங்கப்பூர், புக்கெட் ஆகிய இடங்களில் நம்மைப்போல் இடப்பக்கமே செல்கிறார்கள். ஐரோப்பியக் கரைகளில் பெரும்பாலும் வலப்பக்கம். அங்கே புதுப்பழக்கத்தை ஒரே பகலில் கற்க முயல வேண்டா.

அன்றிரவு ரயிலுக்காக நடைமேடையில் அமர்ந்திருந்தபோது, பழக்கம் விடாமல் கணக்கெழுதினேன். ஓடியது 98 கிலோமீட்டர். வாடகையும் பெட்ரோலுமாக 2,860 ரூபாய். அதை நானே ஏற்பதாக இருந்தேன். தமக்கையார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வேண்டா என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

"பிள்ளை ஒரு மணி நேரம் தூங்கினான் அல்லவா? அதற்கு நான்தான் கொடுப்பேன்" என்று ரூபாயை என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, காலி டிபன் கேரியரைக் கழுவிவரக் குழாயடிக்குச் சென்றார்.